செம்பருத்திக்குக் காய் எங்கே?

சில மாதங்களுக்கு முன் நசரத்பேட்டையில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நம்மைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். தமிழ் விரிவுரையாளருக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். வருவதாயிருந்த பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கடைசி நேரத்தில் வரவில்லை. நம் வீடு பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான் நம் தகுதி.

ஒரு மேசையில் தெர்மாகோலில் செதுக்கிய செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கையில் குச்சியோடு நின்று, புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். மகரந்தச் சேர்க்கைக்குப் பின் கருவுறுதல் நிகழும், சூற்பை கனியாகும், சூல்கள் விதைகளாகும். ஒரு சொல் பிசகவில்லை. கூட்டத்தில் நின்ற மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, எங்க வீட்டுச் செம்பருத்தியில காயே வர்றதில்லையே?" என்றான். சிறுமி ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை நம்மைப் பார்த்தார். நாம் "நல்ல கேள்வி" என்று சொல்லி அவன் தோளைத் தட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தோம். அங்கே ஓர் எரிமலை புகைந்துகொண்டிருந்தது.

விழா முடிந்து வண்டியை எடுக்கப் பள்ளியின் பின்புறம் போனோம். காவலாளி குடும்பத்தோடு அங்கேயே ஓர் அறையில் தங்கியிருக்கிறார். அறையை ஒட்டி நான்கு பாய் விரிக்கும் அளவுக்கு மண். அதில் வெண்டை, சிறுகீரை, ஓர் அவரைப் பந்தல், ஓரத்தில் செம்பருத்தி. பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அறிவிப்புப் பலகை வேறு. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த காவலாளியின் மனைவியிடம் பையனின் கேள்வியை நம் கேள்வி போலக் கேட்டோம். அவர் சிரித்தார். "அதுக்கு எதுக்கு சார் காயி? கொம்ப ஒடிச்சு நட்டாப் போதுமே!"

வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டினோம். அந்த அம்மையார் சொன்னதற்கு மேல் அவற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை. நம் வீடுகளில் வளரும் செம்பருத்தி நெடுங்காலம் கலப்பினமாகி, தலைமுறை தலைமுறையாகக் கொம்பு நட்டே பெருக்கப்பட்ட செடி. அதன் குரோமோசோம் எண்ணிக்கை வகைக்கு வகை மாறுகிறது. பெரும்பாலானவை விதை பிடிப்பதில்லை. ஆக, பூவிலிருந்து காயும் காயிலிருந்து விதையும் எப்படி வருகின்றன என்று கற்பிக்க நம் பள்ளிகள் வழக்கமாகக் கையில் எடுக்கும் பூ, நம் கண்ணெதிரே காய்ப்பதே இல்லை! பெரிதாக இருக்கிறது, பாகங்கள் தெளிவாகத் தெரிகின்றன, எங்கும் கிடைக்கிறது என்று எடுத்தார்கள். அது தவறன்று. எடுத்தவர்கள் அடுத்த வாரமும் அந்தச் செடியைப் போய்ப் பார்க்க வேண்டியிருந்திருந்தால், இது காய்க்கவில்லையே என்று எவராவது ஒருவர் எழுந்து கேட்டிருப்பார். யாரும் போய்ப் பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பையன் பார்த்திருக்கிறான்.

நம் வழக்கு இவ்வளவுதான். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நாம் தாவரவியலைக் கற்பிக்கிறோம். தாவரத்தை அவர்களிடமிருந்து ஒளித்து வைக்கிறோம். தோட்டம் என்பதைப் பொழுதுபோக்கு என்றோ, கைத்தொழில் என்றோ, சுற்றுச்சூழல் விழா என்றோ பெயரிட்டு வகுப்பறைக்கு வெளியே தள்ளிவிட்டோம். அது தாவர அறிவியலின் ஆய்வுக்கூடம் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

இது எந்த ஊரில் நடக்கிறது என்பதையும் பாருங்கள். நசரத்பேட்டையிலிருந்து கிழக்கே சிறிது தொலைவில் பூந்தமல்லி. பூவிருந்தவல்லி என்ற பெயரே மருவிப் பூந்தமல்லியாயிற்று. பதினோராம் நூற்றாண்டில் திருக்கச்சி நம்பி இவ்வூரில் நந்தவனம் வைத்துப் பூப் பயிரிட்டு, காஞ்சி வரதராசருக்கு நாள்தோறும் மாலை கொண்டு சென்றார் என்பது வைணவ மரபின் வரலாறு. அந்தணர் அல்லாத அவரை இராமானுசர் தம் ஆசான்களில் ஒருவராகக் கொண்டார். தோட்டக்காரர் ஒருவரை ஞானாசிரியராக ஏற்ற ஊர் இது. தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் நீர். மேற்கே திருமழிசை. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, நகரம் முழுவதற்குமான மொத்தக் காய்கறிச் சந்தை அங்குதான் மாற்றப்பட்டுச் செப்டம்பர் வரை நடந்தது. நகரம் உண்ணும் காய்கறி முழுவதும் லாரிகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில், கூப்பிடு தொலைவிலிருந்த நம் பிள்ளைகள் வீட்டுக்குள் அமர்ந்து, கைப்பேசித் திரையில் 'தாவரங்களின் பாகங்கள்' படித்துக்கொண்டிருந்தார்கள். தொற்றுக் காலத்தில் சந்தைக்குப் போயிருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. தொற்று நீங்கிய பிறகும் பிள்ளைகள் திரையை விட்டு எழவில்லை என்பதுதான் செய்தி.

அறிவியல் ஆசிரியர்களை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நழுவிவிடப் போவதில்லை. தமிழ்த்துறைதான் முதல் குற்றவாளி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொகுத்த தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் முதுகலை மாணவர்களை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். தும்பை சூடிப் போருக்குப் போனார்கள் என்று பத்து மதிப்பெண் விடை எழுதிவிட்டு, தேர்வறைக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் பூத்துக் கிடக்கும் தும்பையை மிதித்துக்கொண்டு போகிறார்கள். நொச்சியை முகர்ந்து பார்த்தவர் வகுப்புக்கு ஒருவர் தேறினால் அதிகம். ஒருமுறை எருக்கைக் காட்டி இது என்ன என்று கேட்டோம். 'ஏதோ காட்டுச் செடி ஐயா' என்றார் ஒருவர். அவருடைய ஆய்வுத் தலைப்பு, சங்க இலக்கியத்தில் இயற்கை. நாம்தான் அவருக்கு நெறியாளர்.

தொல்காப்பிய மரபியல் நிலைத்திணை உயிர்களைப் புல்லென்றும் மரமென்றும் பிரிக்கிறது. வெளியே வயிரமுள்ளது புல்; உள்ளே வயிரமுள்ளது மரம். இதைத் தேர்வுக்கு எழுதாத தமிழ் மாணவர் இல்லை. ஆனால் இந்தப் பிரிவில் பனையும் தென்னையும் மூங்கிலும் ஏன் புல்லாகின்றன என்பதற்குச் சான்று வகுப்பறையில் கிடைக்காது. வெட்டிப் போட்ட பனையின் அருகே போக வேண்டும். வெளிவட்டம் கறுத்து இரும்பு போலிருக்கும். உள்ளே விரலால் பறிக்கும்படிச் சோறு. வேம்பையோ பூவரசையோ அறுத்தால் நேர்மாறு. சாற்றுக்குழாய்க் கற்றைகள் பனைத்தண்டில் சிதறிக் கிடந்து விளிம்பில் நெருங்கி நிற்பதே இதற்குக் காரணம் என்று இன்றைய தாவரவியல் விளக்குகிறது. பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்கிறது. அவ்விலக்கணத்தை வகுத்தவர் எவராயினும் அவர் மரத்தைத் தொட்டுப் பார்த்தவர். நாம் நூற்பாவைத் தொட்டதோடு நின்றுகொண்டோம். 'நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்' என்று மேடையில் முழங்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம்: அவர்கள் சொன்னது பார்த்ததனால். நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?

வெள்ளைக்காரன் எழுதிய பாடம், அதனால்தான் இப்படி என்ற வாதமும் செல்லாது. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராயிருந்த ஃபைசன் 1912இல் 'எ பாட்டனி ஃபார் இந்தியா' என்ற பாடநூலை எழுதினார். கோவை வேளாண் கல்லூரியைச் சேர்ந்த ரங்காச்சாரி 1916இல் இந்தியாவுக்கான தொடக்கநிலைத் தாவரவியல் கையேடு ஒன்றைக் கொண்டுவந்தார். இங்கிலாந்துச் செடிகளை எடுத்துக்காட்டும் நூலை இந்த மண்ணின் மாணவர் கையில் கொடுத்துப் பயனில்லை, வேலியோரச் செடிகளிலிருந்து தொடங்க வேண்டும் என்ற தெளிவு நூறாண்டுக்கு முன்பே இங்கு இருந்தது. அப்புறம் அது எங்கே போயிற்று? உயிரியல் என்பது மருத்துவக் கல்லூரியின் வாசற்கதவாக மாறியபோது அதுவும் போயிற்று. 2017இலிருந்து நீட் வந்து, நான்கில் ஒன்றைத் தேர்ந்து வட்டத்தைக் கருப்பாக்கும் பயிற்சியாக அதை முழுமைப்படுத்திவிட்டது.

விழாக்கள் இல்லையா, மரம் நடவில்லையா என்று கேட்பார்கள். நடுகிறோம், ஜூன் 5ஆம் நாள் நடுகிறோம். 1972இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள் அது. அங்கே ஜூன் மாதம் இதமான பருவம். சென்னையில் அக்கினி நட்சத்திரம் முடிந்த சூடு ஆறாத வாரம். 2023இலும் 2024இலும் வெயிலுக்கு அஞ்சிப் பள்ளி திறப்பே ஜூன் 5க்குப் பின்னால் தள்ளிப்போயிற்று. பிள்ளை வெளியே வர முடியாத வெயிலில் கன்று மட்டும் வேர் பிடிக்க வேண்டும்! அடுத்து ஜூலையில் வன மகோத்சவம். 1950இல் நடுவண் அமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கியது. வடக்கே தென்மேற்குப் பருவமழை பொழியும் மாதம் அது. நமக்கோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்குப் பின்னர்தான். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்ன ஊரில், ஸ்டாக்ஹோமின் நாட்காட்டிக்கும் தில்லியின் நாட்காட்டிக்கும் நடுவே கன்றுகள் காய்ந்து சாகின்றன. அடுத்த ஆண்டு அதே குழியில் புதிய கன்று. அதே குழி என்பது மிகையன்று. நாம் பணியாற்றிய ஒரு கல்லூரியில் மூன்று ஆண்டு ஒரே குழியில் மூன்று சிறப்பு விருந்தினர்கள் நட்டதைப் பார்த்திருக்கிறோம். புகைப்படத்துக்கு வெளிச்சம் அங்குதான் நன்றாக விழுகிறதாம்.

விதைப்பந்து இன்னொரு கூத்து. களிமண்ணுக்குள் விதையை உருட்டி, பேருந்தில் பிள்ளைகளை ஏற்றிச் சென்று, வழிநெடுக எறியச் சொல்கிறார்கள். எத்தனை ஆயிரம் எறிந்தோம் என்பது செய்தித்தாளில் வரும். எத்தனை முளைத்தன என்பது வராது, ஏனெனில் எவரும் திரும்பிப் போவதில்லை. இம்முறையைப் பரப்பிய ஜப்பானிய உழவர் ஃபுகுவோகா தம் நிலத்திலேயே பல பத்தாண்டுகள் தங்கி, ஒவ்வொரு பருவத்திலும் எது பிழைத்தது எது மடிந்தது என்று பார்த்தவர். எறிந்துவிட்டுப் பேருந்து ஏறியவர் அல்லர். எறிவதைக் கற்ற பிள்ளை, உயிருள்ள ஒன்றின்மீது தனக்குள்ள பொறுப்பு கைவீச்சோடு முடிகிறது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமென்று 1991இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது; 2003இல் மீண்டும் வலியுறுத்தியது. நாம் செய்தது, அதையும் ஒரு வினாத்தாளாக்கியது.

இனி, இந்தக் கட்டுரையின் கடினமான பகுதிக்கு வருகிறோம்.

பள்ளியில் பிள்ளைகள் மண்வெட்டி பிடிப்பதைத் தமிழ்நாடு ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1937இல் வார்தாவில் காந்தி கைத்தொழில்வழிக் கல்வியை முன்வைத்தபோது அதன் நோக்கம் உயர்ந்ததாகவே இருந்தது. ஆனால் 1953இல் சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த ராஜாஜி தொடக்கப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றபோது, அதன் பொருள் எல்லோருக்கும் விளங்கியது. வழக்கறிஞரின் பிள்ளை வீட்டில் சட்டப் புத்தகம் புரட்டும். வெட்டியான் பிள்ளை எங்கே போகும்? குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கமும் அதற்குப் பெயரிட்டு எதிர்த்தன. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது. அது வென்றிராவிட்டால் இக்கட்டுரையை எழுதுபவர் கல்லூரியில் இல்லை, களத்துமேட்டில் இருந்திருப்பார். நாம் அதன் பயனாளிகள்.

2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் பிள்ளைகள் உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் முதலியோரிடம் தொழில் பழகலாம் என்றது. பழைய காயம் தெரிந்த தமிழ்நாடு மீண்டும் குலக்கல்வி என்று குரல் எழுப்பியது. அந்தக் குரலில் நாமும் சேர்ந்துகொண்டவர்களே. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் ஒரு பொறியில் சிக்கிவிடுகிறோம். தோட்டத்தைத் 'தொழில்' என்ற பட்டியலில் வைப்பதுதான் அக்கொள்கையின் பிழை. அதைத் தொழில் என்றே ஒப்புக்கொண்டு, ஆகையால் வேண்டாம் என்று நாம் மறுப்பது, அந்தப் பிழையை நாமும் வழிமொழிவதாகும். வெண்டைச் செடியை விதையிலிருந்து விதைவரை கவனிப்பது தோட்டக்காரர் வேலைக்கான பயிற்சி என்றால், அமிலத்தையும் காரத்தையும் கலப்பது சலவைக்காரர் வேலைக்கான பயிற்சியா? வேதியியல் ஆய்வகத்துக்கு அப்படி யாரும் பெயரிடுவதில்லை. மண் என்று வந்தவுடன் மட்டும் நமக்குச் சாதி நினைவு வருகிறது. மண்ணைத் தொடுவது கீழான வேலை என்று கற்பித்தவர்களை எதிர்த்துப் போராடிவிட்டு, அவர்கள் கற்பித்ததை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்?

பெற்றோர் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். 'பீஸ் கட்டுறது எம்புள்ள மண்ணு அள்ளவா?' அந்தத் தந்தையைக் கேலி செய்ய நமக்கு மனம் வராது. அவருடைய பாட்டன் அள்ளிய மண் அவருக்குத் தெரியும். அவருடைய அச்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு பள்ளிக்கு உண்டு. அந்தப் பதில், வரிசை எண்படி எல்லாப் பிள்ளைகளும் என்பதுதான். தண்டனையாக ஒருபோதும் கூடாது. தாமதமாக வந்தவனைக் களை பறிக்கச் சொல்லும் பள்ளி, அன்றே தோட்டத்தைச் சிறையாக்கிவிடுகிறது. பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவச் செய்ததற்காகத் தலைமையாசிரியர் கைதான செய்தியை 2022இலும் இந்த மாநிலத்தில் படித்தோம். இந்நிலையில் பள்ளித் தோட்டம் வேண்டும் என்று கேட்பவர், யார் கையில் மண்வெட்டி, யார் கையில் குறிப்பேடு என்று கேட்காமல் இருக்க முடியாது. ஒரே பிள்ளையின் இரண்டு கைகளில் இரண்டும் இருக்க வேண்டும். இல்லையென்றால் தோட்டமே வேண்டாம்.

அப்படி இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறோம். காவலாளியின் மனைவி வளர்த்த வெண்டையையே எடுத்துக்கொள்வோம். வெண்டை, செம்பருத்தியின் குடும்பம். அதே ஐந்து இதழ். அதே போல் சூலகத் தண்டைச் சுற்றிக் குழலாய் ஒட்டிய மகரந்தத்தாள்கள். தெர்மாகோலில் இருப்பதெல்லாம் இதில் உண்டு, கூடுதலாகக் காயும் உண்டு. விதைத்து ஏறத்தாழ நாற்பது நாளில் பூக்கும். காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். ஒரு வாரத்துக்குள் காய் பறிக்கும் அளவாகிவிடும். திங்கட்கிழமை பூவில் நூல் கட்டிய பிள்ளை அடுத்த திங்கட்கிழமை அதே நூலில் காயைப் பார்க்கும். சூற்பை கனியாகும் என்ற தொடரை அதற்குப் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பறிக்காமல் விட்ட காய் முற்றி, காய்ந்து, வெடித்து விதை உதிர்ப்பதையும் அதே பிள்ளை பார்க்க வேண்டும். பள்ளிகள் அதற்குள் செடியைப் பிடுங்கிவிடுகின்றன, 'அசிங்கமாக' இருக்கிறதென்று.

பச்சைப் பயறையும் முழுத் துவரையையும் அருகருகே விதைக்கட்டும். பயறு தன் வித்திலைகளை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும். துவரை அவற்றை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வரும். மளிகைக் கடைத் துவரம் பருப்பை விதைத்த பிள்ளைக்கு ஒன்றும் முளைக்காது. ஏன் முளைக்கவில்லை என்ற கேள்வி முளைக்கும். காராமணிச் செடியை ஆறாம் வாரம் மண்ணோடு பெயர்த்து வேரைக் கழுவினால் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான பொருள் அது. காற்றின் நைட்ரசனைப் பிடிக்கும் நுண்ணுயிரிகளுக்கு உயிர்வளியை அளவோடு தருவதற்காகச் செடி அதை வைத்திருக்கிறது. செடிக்குள் சிவப்பைப் பார்த்த பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள், வேர்முடிச்சை வண்ணப்படத்தில் காட்டி முடிக்க மாட்டார்கள். பீர்க்கு மாலையில்தான் மலரும் என்பதால் பள்ளி நேரத்தில் அதைக் காட்டவியலாது. அதற்காக ஒருநாள் ஆறு மணிவரை இருந்தால் வானம் இடிந்துவிடாது.

நாட்டு அவரை இன்னும் நுட்பமானது. சற்று முன்பின்னாக விதைத்தாலும் அது பகல் சுருங்கும் காலத்துக்காகக் காத்திருந்துதான் பூக்கும். ஆடியில் விதைத்த கொடி புரட்டாசியிலும் ஐப்பசியிலும் வெறும் இலையாகப் படர்ந்து பிள்ளைகளின் பொறுமையைச் சோதிக்கும். மார்கழி, தையில் குலைகுலையாய்க் காய்க்கும். ஒளிக்காலத்துவம் என்று மேல்நிலை வகுப்பில் அரைப் பக்கத்தில் படிப்பதை, ஒரு பந்தல் ஐந்து மாதம் நடத்திக் காட்டும்.

இடமில்லை என்பார்கள். மெண்டல் தம் பட்டாணிகளை வளர்த்த மடாலயத் தோட்டம் ஏறத்தாழ 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்டது. மரபியலின் முதல் விதிகள் 1856 முதல் 1863 வரை அந்த மண்பத்தையில்தான் கண்டறியப்பட்டன. மெண்டலும் பள்ளி ஆசிரியர்தான். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவர். பத்தாம் வகுப்பில் மூன்றுக்கு ஒன்று என்ற அவருடைய விகிதத்தைக் கட்டம் போட்டு நிரப்பும் மாணவர்களில் பட்டாணிக் கொடியைப் பார்த்தவர் எத்தனை பேர்? நசரத்பேட்டைப் பக்கம் வண்டி நிறுத்த அதைவிடப் பெரிய இடம் ஒதுக்காத பள்ளி அரிது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுப்பறை, கழிப்பறை, சமையலறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர் எல்லாம் கேட்கிறது; ஒரு சென்ட் மண் கேட்கவில்லை. 2019இல் நடுவண் அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அது மதிய உணவின் கணக்கில் வருகிறது, அறிவியல் பாடத்தின் கணக்கில் வரவில்லை. இருந்த மண்ணையும் தரை ஓடு பதித்து மூடுகிறோம். பிள்ளைகளின் வெள்ளைக் காலுறை அழுக்காகக்கூடாதல்லவா?

மே மாத விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பது கொஞ்சம் நேர்மையான கேள்வி. ஆனால் நம் பட்டத்தைப் பின்பற்றினால் அந்தச் சிக்கலே பெரிதாக எழாது. ஜூனில் மண்ணைக் கிளறி உரமிட்டு, ஆடியில் விதைத்தால் தை, மாசியில் எல்லாம் முடிந்து விதை சேர்த்துவிடலாம். நம் கல்வியாண்டும் நம் உழவாண்டும் இவ்வளவு பொருந்தியிருப்பதை எவரும் கவனிக்கவில்லை என்பதுதான் வியப்பு. அப்படியும் மிஞ்சும் தொட்டிகளுக்கு ஜப்பானியர் வழி காட்டுகிறார்கள். அங்கே தொடக்கப் பள்ளி முதல் வகுப்பில் பிள்ளைக்கு ஒரு தொட்டியாக அசாகாவோ என்ற கொடியை வளர்ப்பது வழக்கம். நம் சர்க்கரைவள்ளிக்கு உறவான, காலையில் மலரும் கொடி அது. கோடை விடுமுறை விட்டதும் தொட்டி பிள்ளையோடு வீட்டுக்குப் போகிறது. எத்தனை பூ பூத்தது என்று குறிப்பேட்டில் வரைந்து, எழுதி, விதையோடு திரும்பி வருகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள்! சில தொட்டிகள் செத்துப்போகும். அதையும் எழுத வேண்டியதுதான். செடி சாகாமல் பார்த்துக்கொள்ள ஒரு வேலையாளை அமர்த்தும் பள்ளித் தோட்டங்களை நாம் பார்த்திருக்கிறோம். அவை புல்வெளிகள், பள்ளியின் விளம்பரத் தாளில் அச்சிட. செடி ஏன் செத்தது என்று எழுதத் தெரிந்த பிள்ளைதான் அறிவியல் படித்த பிள்ளை.

பாம்பு வரும், கிருமி வரும் என்பார்கள். பாம்பு வந்தால் வகுப்பை நிறுத்தி அதையும் தள்ளி நின்று பார்க்கலாம். கை கழுவச் சவர்க்காரம் இருக்கிறது. இதற்கு மேல் இதற்குப் பதில் தேவையில்லை.

ஆசிரியர்களுக்குத் தெரியாதே என்பது மட்டும் உண்மை. நமக்கும் தெரியாது என்பதை மேலே ஒப்புக்கொண்டோம். தெரிந்தவர்கள் பள்ளியின் பின்புறத்தில், அறிவிப்புப் பலகைக்கு அப்பால் இருக்கிறார்கள். அவர்களை வகுப்புக்கு அழைத்து, நாற்காலி போட்டு, அம்மா என்றோ ஐயா என்றோ விளித்து, மதிப்பூதியம் கொடுத்துப் பேசச் சொல்ல வேண்டும். அவர் கொம்பு நடச் சொல்வார். ஆசிரியர் அதற்கு உடல இனப்பெருக்கம் என்ற பெயரையும் காரணத்தையும் சொல்வார். இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகள் பார்த்தால், 1953இன் காயத்துக்கு அதைவிட நல்ல மருந்து நமக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் சுருக்கமாக எழுதி அப்பள்ளிக்கு அனுப்பினோம். ஆண்டு விழா முடிந்ததும் பரிசீலிப்பதாகப் பணிவாகப் பதில் வந்தது. மூன்றாம் வகுப்புப் பையனின் பெயர் நமக்குத் தெரியாது என்பதால், விடையை எழுதி, அவனிடம் சேர்க்கும்படி ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறோம். கூடவே ஒரு காகிதப் பொட்டலத்தில் இருபது வெண்டை விதை. காவலாளியின் மனைவி தந்தது.